பாக்கியம் அக்கா எழுத்துக் கூட்டிய ஞாயிற்றுக்கிழமை

பெரியவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும். பயம். கற்க வருகிறவருடைய பயம் ஒன்று, பக்கத்தில் நிற்கிற உங்களுடைய பயம் இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நான் முதலில் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆபீஸ் கிளாக்கராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆபீசுக்கு முதல் கணினி வந்தபோது அதற்கு ஒரு துணி தைத்துப் போர்த்தி, நாள்கணக்கில் தொடாமல் வைத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அப்புறம் கொஸ்லந்தையில் கணினி மையம் திறந்தார்கள். என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் காலம் போனது.

மையத்தின் திறப்பு விழாவில் ஒரு பெரிய மனிதர், கொழுந்து பறித்த விரல்கள் கீபோர்டில் பறக்கும் என்று பேசினார். சனமும் கைதட்டியது. எனக்கு எரிச்சல் வந்தது. கொழுந்து பறித்த விரல் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நுனியெல்லாம் வெடித்து, கறை ஏறி, குளிர் காலத்தில் மடங்காது. மவுஸைப் பிடித்தால் அது வழுக்கிக்கொண்டு மேசை விளிம்புக்கு ஓடும். எதையும் பறக்கவிடாதீர்கள். மெதுவாக நகர்ந்தாலே போதும்.

பதுளையில் எனக்கு மேலே ஒரு பொறுப்பதிகாரி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தமாட்டார், ஆனால் அவர் மையத்துக்கு வருகிறார் என்றால் நான் மேசைகளை இரண்டு தடவை துடைப்பேன். ஒருநாள் நான் ஒரு தாத்தாவின் கையிலிருந்து மவுஸை வாங்கி, அவருக்காகப் படத்தைத் திறந்து கொடுத்ததை வாசலில் நின்று பார்த்துவிட்டார். தாத்தா போனதும் சொன்னார்: "சொல்லிக்குடுக்கேக்க கையைப் பின்னால கட்டிக்கொண்டு நில்லுங்கோ. ஒருக்கா வாங்கிச் செய்து குடுத்தா, பிறகு அவை தொடமாட்டினம். தங்களுக்கு ஏலாது எண்டு நீங்களே சொன்ன மாதிரிப் போயிடும்."

சின்ன விஷயம் மாதிரித்தான் இருந்தது. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று பாக்கியம் அக்கா வந்த பிறகுதான் தெரிந்தது.

பாக்கியம் அக்கா பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்து பென்சன் வாங்கியவர். கணவர் இல்லை. ஒரே மகள் சித்ரா, வீட்டு வேலைக்குக் குவைத் போயிருந்தாள். அனுப்பி வைத்த ஏஜென்சிக்காரரும் அதே தோட்டத்து ஆள்தான். ஆரம்பத்தில் சித்ரா போன் பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் எப்போதாவது ஒன்று. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

அக்கா முதல்முறை வந்தபோது உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"டீச்சர், இதுல நம்ம புள்ள மூஞ்சி தெரியுமாமே, நெசமாங்களா?"

"தெரியும் அக்கா. அங்கயும் ஒரு கம்பியூட்டர் இருக்கணும்."

"அங்க இருக்குதாம். எஜமானி புள்ளைங்க வச்சிருக்காம். இங்க எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

அதற்குப் பிறகு வாரத்தில் பல நாள் வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் கணினிகளில் தமிழ் எழுதினால் அடுத்த முனையில் வெறும் கட்டங்களாகத் தெரியும். அதனால் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். அக்கா ஆங்கில எழுத்துகளைக் கீபோர்டிலேயே படித்தார். அவருக்கு ஏ, பி, சி வரிசை கடைசிவரை வரவில்லை. கியூ, டபிள்யூ, ஈ என்றுதான் சொல்லுவார். நான் திருத்தவில்லை, எழுத்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எழுதிப் பழக ஆள் வேண்டுமே. பதுளைப் பொறுப்பதிகாரியே இன்டர்நெட் வழியாக மெசஞ்சரில் வந்து எங்கள் ஆட்களோடு எழுதுவார். 'என்ன சாப்பிட்டனீங்கள்' என்று அவரிடமிருந்து கேள்வி வரும். அக்கா அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இந்த ஐயா என்னாங்க, நம்ம மாதிரி பேசமாட்டாரா?" என்பார். 'ரொட்டி' என்று பதில் எழுதி முடிப்பதற்குள் எனக்கு ஒரு தேநீர் குடித்து முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில் அவர் பொறுமையாகக் காத்திருப்பார். பேசும் பெட்டி, எழுதும் பெட்டி, முகம் தெரியும் பெட்டி என்று திரையில் தோன்றிய ஒவ்வொன்றுக்கும் அக்காவே பெயர் வைத்துக்கொண்டார். வேண்டாத பெட்டியைக் கீழே இறக்கி வைப்பது, வேண்டும்போது மேலே ஏற்றுவது, அதுவும் பழகியாகிவிட்டது.

இதற்கிடையில் சித்ராவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. நானும் அக்காவும் பதுளைக்குப் போனோம். பொறுப்பதிகாரி எங்களை வெளிநாட்டு வேலை விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரி ஒருவரிடம் அழைத்துப் போனார். அந்த அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். ஆனால் வீட்டின் முகவரி வேண்டும் என்றார். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாமல் அங்கேயுள்ள தூதரகத்தில் யாரைத் தேடச் சொல்வது? முகவரி ஏஜென்சிக்காரரிடம் இருந்தது. அக்கா பலதடவை கேட்டும் அவர் தரவில்லை. "புள்ள நல்லா இருக்கு, நீங்க எதுக்கு வீணா மனசப் போட்டு ஒழப்பிக்கிறீங்க" என்பாராம்.

இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். எப்படியாவது சித்ராவோடு ஒருதரம் பேச வழி செய்து, அவள் வாயாலேயே முகவரியைக் கேட்டுவிடுவது. அக்கா ஏஜென்சிக்காரரை விடாமல் நச்சரித்தார். முகத்தையாவது காட்டுங்கள் என்றார். தொல்லை தாங்காமல் அவர் கடைசியில் சம்மதித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டு எஜமானி சித்ராவைக் கமெரா முன்னால் உட்காரவைப்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு விடுமுறை. நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்போம் என்று நினைத்திருந்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அக்காவின் லயமே, அந்த வரிசை வீடுகளின் சனம் முழுக்க, வந்துவிட்டது.

உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்தாலே லயம் முழுக்கக் கூடிவிடும். ஆளுக்கொரு வார்த்தை பேசாவிட்டால் மனஸ்தாபம். முகமே தெரியப்போகிறது என்றால் யார் வீட்டில் இருப்பார்கள்? பெண்கள் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். குழந்தைகளுக்குப் பவுடர் போட்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவில் ஏஜென்சிக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார். வேன் பிடித்து எல்லோரையும் கூட்டி வந்ததே அவர்தான். அதே லயத்திலிருந்து இன்னும் சில பெண்பிள்ளைகளை அனுப்புவதற்கு அவர் பேசிக்கொண்டிருந்தார். சித்ரா நன்றாக இருப்பதை எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அக்கா என்னைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் எப்படி முகவரி கேட்பது? கேட்டால் ஏஜென்சிக்காரர் அங்கேயே அந்த வீட்டுக்குப் போன் போடுவார். அதன் பிறகு சித்ரா எந்தக் கமெரா முன்னாலும் உட்காரமாட்டாள். கூட்டத்தை வெளியே அனுப்பலாம் என்றால், ஏன் அனுப்புகிறேன் என்று அந்த ஆள் முதலில் கேட்பார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

முகம் தெரியும் பெட்டியில் முதலில் கருப்பாகத் தெரிந்தது. அப்புறம் சித்ரா வந்தாள். மெலிந்திருந்தாள். தலையை மூடித் துணி கட்டியிருந்தாள். அந்த வெயில் ஊரில் மணிக்கட்டுவரை கை மூடிய சட்டை. அவளுக்குப் பின்னால் எஜமானி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஐயோ, சித்ரா!" என்று எங்கள் அறை அதிர்ந்தது.

"நல்லா இருக்கியாம்மா?" என்று ஒரு அத்தை முந்திக்கொண்டார்.

"நல்லா இருக்கேன் அத்த."

"என்னா சாப்புட்ட?"

"எல்லாம் சாப்புடுறேன் அத்த. நீங்க எல்லாம் எப்புடி?"

அந்தக் குரலில் ஏதோ சரியில்லை. ஒப்பிக்கிற குரல். ஏஜென்சிக்காரர் எல்லோரையும் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றார்.

பாக்கியம் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல வலது கையை எடுத்துக் கீபோர்டில் வைத்தார். ஒற்றை விரலால் தேட ஆரம்பித்தார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் எழுதும் பெட்டியைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வார்த்தை, ஒவ்வொரு எழுத்தாக வந்துகொண்டிருந்தது. 'அடிக்கிறாங்களா.'

சனம் முழுக்க மேலே முகத்தைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தது. கீழே இருந்த எழுத்தை யாரும் பார்க்கவில்லை. எஜமானிக்குத் தமிழ் தெரியாது, அவர் பார்வையும் எங்கள் கூட்டத்தின் மேல்தான் இருந்தது. சித்ராவின் கண் தாழ்ந்தது. வாய் அத்தைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டியில் விழுந்தது: 'ஆமா.'

அக்காவின் முதுகு அசையவில்லை. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் அடுத்த வார்த்தையைத் தொடங்கினார். எவ்வளவு மெதுவாக! எழுத்தைத் தேடுகிறார், காணவில்லை, கீபோர்டின் மேல் விரல் சுற்றுகிறது, கண்டுபிடிக்கிறார், அழுத்துகிறார், இரண்டு தடவை விழுந்துவிடுகிறது, அழிக்கிறார். எந்த நிமிடமும் எஜமானி போதும் என்று சொல்லலாம். எந்த நிமிடமும் இணைப்பு அறுந்துபோகலாம், எங்கள் லைன் அப்படித்தான். 'தள்ளுங்கள் அக்கா, நான் அடிக்கிறேன்' என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. நான் அடித்தால் ஒரு நொடி. ஆனால் நான் குனிந்து கீபோர்டைத் தொட்டால் அத்தனை கண்ணும் கீபோர்டுக்கு வரும். கைகளைப் பின்னால் கட்டி, ஒரு கையின் நகத்தை மற்றக் கையில் அழுத்திக்கொண்டு நின்றேன். என் வேலைக்காலத்தில் அதைவிடக் கஷ்டமாக நான் எதையும் செய்ததில்லை.

'வீடு எங்க' என்று அக்கா எழுதி முடித்தார்.

சித்ரா தன் சின்னம்மா ஒருத்தியின் குழந்தையைப் பார்த்து, "பெரிசா வளந்துட்டானே" என்று சிரித்தாள். அவள் கை கீழே ஓடியது. ஊரின் பெயர் வந்தது. பிளாக் என்று வந்தது. தெரு வந்தது.

"என்னா டீச்சர், கீழ என்னமோ ஓடுதே?"

ஏஜென்சிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் குனிவதற்குள் அக்கா மவுஸைப் பிடித்து நகர்த்தினார். அம்பு திரையின் மூலைக்குப் போய், தவறி, திரும்பி வந்து, பொத்தானில் உட்கார்ந்தது. எழுதும் பெட்டி கீழே இறங்கியது. முகம் மட்டும் இருந்தது.

"அது என்னமோ தானா வருதுங்க," என்றார் அக்கா. "நீங்க பேசுங்க, புள்ள ஒங்களத்தான் பாக்குது."

ஏஜென்சிக்காரர் கமெராவைப் பார்த்துச் சிரித்து, "என்னம்மா சித்ரா, வீட்டுக்காரங்க நல்ல மாதிரிதானே?" என்றார். சித்ரா தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டிருந்தபோதே அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி. லைன் போய்விட்டது.

கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்ப வரவில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புள்ளை மெலிந்தாலும் வெளுத்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டு வேனில் ஏறினார்கள். "டீச்சருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வாரேன்" என்று அக்கா பின்தங்கினார். ஏஜென்சிக்காரர் அவருக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வேனிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அக்கா பஸ்ஸில் வருவதாகச் சொன்னதும் ஒருவழியாகப் போனார்.

கதவைச் சாத்தினேன். பெட்டியை மேலே ஏற்ற அக்காவுக்குக் கை வரவில்லை. அம்பு பொத்தானைத் தாண்டித் தாண்டிப் போனது. "டீச்சர், வீட்டு நம்பர் வந்துச்சா? நீங்க பாத்தீங்களா?" நான் பார்க்கவில்லை. தெரு வரைக்கும்தான் பார்த்தேன். ஒரு தெருவில் எத்தனை வீடு இருக்கும்! அப்போதும் நான் மவுஸை வாங்கவில்லை. அவருடைய தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவரே ஏற்றினார்.

நம்பர் வந்திருந்தது. அதற்குக் கீழே, லைன் போவதற்கு முன் விழுந்த கடைசி வரியும் இருந்தது. 'கூட்டிட்டு போங்கம்மா.'

அக்கா அதைச் சத்தமாக எழுத்துக் கூட்டி வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். மீதி அவருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினோம். யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அக்காவின் பையிலிருந்து சிப்பாய் அந்தத் தாளை எடுத்தான். எழுத்து ஆங்கிலம், வாசித்தால் ஆங்கிலம் இல்லை, ஊர் பெயரும் நம்பரும் வேறு இருக்கிறது. முகம் மாறிவிட்டது. இது என்ன பாஷை என்று சிங்களத்தில் கேட்டான். நான் படபடவென்று விளக்க விளக்க அவனுக்குச் சந்தேகம்தான் கூடியது. அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், தாளில் மகளின் பெயரைத் தொட்டுக் காட்டி, தெரிந்த சிங்களத்தில் "மகே துவ" என்றார். என் மகள் என்று அர்த்தம். தன் கையைத் தானே அடித்துக் காட்டி, தூரத்தில் எங்கேயோ கையை நீட்டினார். சிப்பாய் அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான். பஸ் மீண்டும் நகர்ந்த பிறகும் அக்கா அந்தத் தாளைப் பையில் வைக்காமல் மடியிலேயே பிடித்திருந்தார்.

பொறுப்பதிகாரி தாளை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இண்டைக்கே கொழும்புக்கு அனுப்ப வைக்கிறன். எப்ப நடக்கும் எண்டு மட்டும் என்னைக் கேளாதேங்கோ அம்மா" என்றார்.

அதற்குப் பிறகுதான் மோசமான காலம். அக்கா தினமும் மையத்துக்கு வந்தார். மெசஞ்சரில் சித்ராவின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடக்கும், அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று அர்த்தம். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நாங்கள் செய்தது தெரிந்து அந்த வீட்டார் அவளை என்ன செய்தார்களோ என்று என் மனது ஓடிக்கொண்டே இருந்தது. ஏஜென்சிக்காரரை வீதியில் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். எங்களால் நன்மைதான் நடக்கிறது என்று அந்த நாட்களில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இதைப் பெருமைக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியில் ஒருநாள், தூதரகத்து ஆட்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டி சித்ராவை அழைத்துப் போன செய்தி பதுளையிலிருந்து வந்தது. சில மாதங்கள் பாதுகாப்பு விடுதியில் இருந்துவிட்டு அவள் ஊர் வந்து சேர்ந்தாள். ஏஜென்சிக்காரர் அதன் பிறகு எங்கள் பக்கம் ஆள் பிடிக்கவில்லை. வேறு பக்கம் போய்ப் பிடித்திருப்பார், எனக்குத் தெரியாது.

சித்ரா வந்து சில நாட்கள் கழித்து, அக்கா அவளை மையத்துக்கு அழைத்து வந்தார். பெண் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்:

"ஒரு வார்த்த பேசமாட்டேங்குது டீச்சர். எங்க காம்பராவுல பேசுனா அடுத்த காம்பராவுக்குக் கேக்கும், செவுரு கூரை வரைக்கும் இல்லியே. கேட்டா நாளைக்கு லயமே பேசும். மூஞ்சியப் பாத்தும் சொல்ல வரல போல. ரெண்டு கம்பியூட்டர் குடுக்குறீங்களா?"

அறையின் இரண்டு மூலைகளில் இருந்த கணினிகளை அவர்களுக்குத் திறந்துவிட்டேன். ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். முதலில் ஒரே ஒரு விரலின் சத்தம்தான் கேட்டது. தேடி, நின்று, தேடி. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுமூலையில் கீபோர்ட் ஓடத் தொடங்கியது. நிற்காமல் ஓடியது. அவ்வளவையும் அக்காவால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியுமா என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. உதவிக்குப் போகவில்லை. வெளியே வந்து, வெயிலில் நின்று, வேறு யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டேன்.

சத்தம் நின்ற பிறகுதான் எட்டிப் பார்த்தேன். அக்கா திரையோடு முகத்தை வைத்து, உதடு அசைய, இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். சித்ரா தன் இடத்தில் இல்லை. எழுந்து வந்து அம்மாவின் நாற்காலியிலேயே ஒரு ஓரமாக நெருக்கி உட்கார்ந்து, அக்கா தடுக்கி நின்ற வார்த்தையை விரல் வைத்து மெல்ல வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.